மை போட்டுப் பார்த்தால் போர் முடிந்துவிடாதா?

1942இல் நடக்கும் மாற்று வரலாற்று நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையில் ஒரு பெண் கறுப்புக் கண்ணாடிக்குள் பார்த்து, அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எங்கே நிற்கின்றன என்று சொல்கிறாள். நான்காம் அத்தியாயத்தில், அவள் சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் குண்டுவீச்சு விமானம் கிளம்பிவிடுகிறது. படித்த நண்பர், "இப்படி ஒருத்தி இருந்தால் ஆறே மாதத்தில் போர் முடிந்திருக்குமே" என்று கேட்டுவிட்டார். அதனால் மந்திரத்துக்கு என்ன விதி வைப்பது என்று கேட்கிறீர்கள். நிஜத்தில் இப்படி ஏதாவது நடந்ததா என்றும் கேட்கிறீர்கள். நண்பரின் சந்தேகத்துக்கு மாந்திரீகத்தில் விடை தேடாதீர்கள். எதிராளியின் ரகசியம் கையில் இருந்தும் ஒரு நாடு ஏன் தடுமாறுகிறது என்பதுதான் அவர் கேட்டது. அதற்கு உளவு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. முதலில் நிஜத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துத்தான் விதிகளைச் செய்ய முடியும்.

ஆவணங்களில் உறுதியாக இருப்பவை இவை. ஸ்விட்சர்லாந்துக்காரரான கார்ல் எர்ன்ஸ்ட் கிராஃப்ட் என்ற ஜோதிடர், 1939 நவம்பர் 7 முதல் 10 வரை ஹிட்லர் உயிருக்கு ஆபத்து என்று ஜெர்மன் உளவுத்துறையில் இருந்த அறிமுகக்காரருக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் 8 இரவு மியூனிக் பீர் மண்டபத்தில் குண்டு வெடித்தது. ஹிட்லர் 13 நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தார்; எட்டுப் பேர் செத்தார்கள். பலித்தது ஜோதிடருக்கு வினையானது. விசாரித்தார்கள், விட்டார்கள், பிறகு நாஸ்ட்ரடாமஸ் பாடல்களுக்கு ஜெர்மனிக்குச் சாதகமாக உரை எழுதும் பிரச்சார வேலையில் அமர்த்தினார்கள். 1941 மே 10 அன்று ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியாக விமானம் ஓட்டிப் போய் ஸ்காட்லாந்தில் குதித்தார். அவமானத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே, ஜோதிடர்கள் அகப்பட்டார்கள். அடுத்த மாதமே ஜெர்மனி முழுக்க ஜோதிடர்கள், ஆவி பேசுபவர்கள், மந்திர வைத்தியர்கள் என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். கிராஃப்டும் மாட்டினார், 1945 ஜனவரியில் வதைமுகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். ஆகவே 1941 ஜூனுக்குப் பிறகு பெர்லினில் பெயர்ப்பலகை மாட்டி ஜோதிடம் பார்ப்பவரை உங்கள் நாவலில் வைக்காதீர்கள். அந்தத் தேதிக்குப் பின் அங்கே ஜோதிடர் என்றால் ஒன்று கைதி, இல்லை அரசாங்கத்துக்கு ரகசியமாக வேலை செய்பவர்.

பிரிட்டிஷ் பக்கத்தில் லூயி டி வோல். பெர்லினில் பிறந்த ஹங்கேரி வம்சாவளிக்காரர், 1935இல் லண்டன் வந்தவர். ஹிட்லர் ஜோதிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார், அவருக்கு என்ன பலன் சொல்லப்படும் என்று நான் முன்கூட்டியே கணித்துத் தருகிறேன் என்பது அவர் வாதம். ஹிட்லர் ஜோதிடர் வைத்துக்கொண்டதற்கு ஆதாரமே இல்லை. ஆனாலும் நாசவேலைகளுக்காக 1940இல் தொடங்கிய எஸ்.ஓ.இ. அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டு, 1941இல் அமெரிக்காவுக்கு அனுப்பி, ஹிட்லருக்குக் கிரகநிலை சரியில்லை என்று மேடைமேடையாகப் பேச வைத்தது. பிற்பாடு 'ஸெனித்' என்ற ஜெர்மன் ஜோதிடப் பத்திரிகையின் போலி இதழ் தயாரானது. எந்த நாளில் நீர்மூழ்கி துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் ஆகாது என்ற பலன்கள் அதில் இருந்தன. கவனியுங்கள், பிரிட்டனுக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை தேவைப்படவில்லை. எதிரிக்கு நம்பிக்கை இருக்கிறது என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

உங்கள் நாவலுக்கு ஆகச் சிறந்த பொருள் அடுத்தது. 1942இல் ஜெர்மன் கடற்படை பெர்லினில் ஓர் ஊசல் ஆய்வுக்கூடம் அமைத்தது. கடல் வரைபடத்தின் மேல் நூலில் கட்டிய ஊசலை ஆட்டி எதிரிக் கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். தங்கள் நீர்மூழ்கிகள் அகப்படுவதைப் பார்த்து, பிரிட்டிஷ்காரன் ஊசல் வைத்துத்தான் பிடிக்கிறான் என்று அதிகாரிகள் சிலர் நினைத்ததே காரணம். நிஜக் காரணம் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க்கில் உடைபட்ட, ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரச் சங்கேதமும், வானொலி அலை வரும் திசையைக் கப்பலிலிருந்தே அளக்கும் கருவியும், ரேடாரும். இந்த ஆய்வுக்கூடத்தின் அன்றாட விவரங்கள் பெரும்பாலும் அங்கே இருந்தவர்கள் போருக்குப் பின் எழுதிய நினைவுகளிலிருந்து வருபவை என்பதால், கூடம் இருந்தது என்பதை உறுதியாகவும், அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவங்களைக் கொஞ்சம் தள்ளியும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப் பட்டியலும் உண்டு. 1940இல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் சூனியக்காரிகள் வட்டமாக நின்று ஹிட்லர் கடலைத் தாண்டாதபடி கட்டுப் போட்டார்கள் என்பது நவீன சூனிய மதத்தைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் பிற்காலத்தில் சொன்னது. அவர் சொல்லைத் தவிர உருப்படியான சாட்சி இல்லை. ஜாஸ்பர் மாஸ்கலின் என்ற மேடை மந்திரவாதி அலெக்சாந்திரியா துறைமுகத்தையே இடம் மாற்றிக் காட்டினார் என்பதும் அப்படித்தான். அவர் ராணுவத்தின் உருமறைப்புப் பிரிவில் இருந்தது உண்மை, சாகசங்கள் அவர் பெயரில் வந்த புத்தகத்தின் உபயம். இயேசுவைக் குத்தியதாகச் சொல்லப்படும், வியன்னாவிலிருந்த புனித ஈட்டியை ஹிட்லர் சக்திக்காகக் கவர்ந்தார் என்ற கதை 1970களில் பிரபலமானது. 1938இல் அரச சின்னங்களோடு அந்த ஈட்டியும் நியூரம்பெர்க்குப் போனது நிஜம். பழைய பேரரசுக்கு நாங்களே வாரிசு என்று காட்டிக்கொள்வதற்காக. கற்பனைக்கு இவையெல்லாம் தாராளமாக உதவும். ஆனால் இவற்றை வரலாறாக நம்பி அதன் மேல் மாற்று வரலாறு கட்டினால், விவரம் தெரிந்த வாசகர் மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

இனி விதிகள். உங்கள் கண்ணாடிக்காரியை மந்திரவாதியாக நினைப்பதை விட்டு, ஒரு தகவல் மூலமாக நினையுங்கள். பிளெச்லியில் உடைத்த செய்திகளை எப்படிக் கையாண்டார்கள் என்பதே உங்கள் மாதிரி. தகவலை விட, அது எப்படிக் கிடைத்தது என்பதே பெரிய ரகசியம். ஆரம்ப காலத்தில் அந்தச் செய்திகளை 'போனிஃபேஸ்' என்ற ஆள் ஜெர்மனிக்குள்ளிருந்து அனுப்புவதாக வேஷம் கட்டினார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது. களத்திலுள்ள தளபதிக்குச் செய்தி தனிப் பிரிவு ஆட்கள் வழியாகப் போகும். படித்தவுடன் அழித்துவிட வேண்டும். வேறு வழியிலும் தெரிந்திருக்கக்கூடும் என்று காட்ட முடிந்தால் ஒழிய அதை வைத்துத் தாக்கக் கூடாது. மத்தியதரைக் கடலில் இத்தாலியச் சரக்குக் கப்பல்களை அடிப்பதற்கு முன்னால் ஒரு வேவு விமானத்தை அனுப்பி, அது கப்பல்காரர்கள் கண்ணில் நன்றாகப் படும்படி பறக்கவிட்டார்கள். அடிபட்டவன், விமானம் பார்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். உங்கள் பெண் பார்க்கும் ஒவ்வொரு காட்சிக்கும் இப்படி ஒரு பொய்க் காரணம் வேண்டும். பொய்க் காரணம் தயாரிக்க முடியாதபோது தெரிந்தும் சும்மா இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஜெர்மன் குண்டுவீச்சில் கோவென்ட்ரி நகரம் எரியும் என்று சர்ச்சிலுக்கு முன்பே தெரியும், ரகசியம் காக்க விட்டுவிட்டார் என்ற கதையை உதாரணமாக இழுக்காதீர்கள். அதை வரலாற்றாசிரியர்கள் எப்போதோ தள்ளிவிட்டார்கள்.

அடுத்தது அளவு. நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போனால், "மாடு தெற்கே நிற்கிறது, பக்கத்தில் தண்ணீர் தெரிகிறது" என்பார். கடற்படைக்கு அது போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், போகும் திசை, வேகம் ஐந்தும் வேண்டும். கடலின் நடுவில் எல்லாத் திசையிலும் தண்ணீர்தான். நீர்மேல் ஓடும் நீர்மூழ்கி மணிக்கு சுமார் 17 கடல் மைல் போகும். காட்சி கண்டு, எழுதி, சரிபார்த்து, மேலதிகாரி கையெழுத்தாகி, விமானத் தளத்துக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆனால் அந்தக் கலம் நூறு கடல் மைல் தள்ளி, எந்தத் திசையிலும் இருக்கலாம். 1943 வசந்தத்தில் ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் கடலில் இருந்தன. உங்கள் பெண்ணுக்கு ஓர் இரவுக்கு ஒரு காட்சி என்று வைத்தால் நூறில் ஒன்றைத்தான் அவள் தொட முடியும். பிளெச்லியில் போர் முடியும் தறுவாயில் சுமார் ஒன்பதாயிரம் பேர், எட்டு மணி நேர முறை வைத்து மூன்று வேளையும் வேலை பார்த்தார்கள். ஒரு மேதை ஓர் அறையில் உட்கார்ந்து போரைத் திருப்பினான் என்பதை உளவுத்துறை படித்தவர் யாரும் ஒப்ப மாட்டார்.

அடையாளம் காண்பது இன்னொரு தலைவலி. அவள் சாம்பல் நிறக் கட்டடத்தையும் கோபுரத்தையும் பார்க்கிறாள். அது எந்தத் துறைமுகம்? 1942இல் பிபிசி பொதுமக்களிடம், போருக்கு முன் ஐரோப்பியக் கடற்கரைகளில் எடுத்த விடுமுறைப் புகைப்படங்களையும் வாங்கிய அஞ்சலட்டைகளையும் அனுப்பச் சொல்லிக் கேட்டது. லட்சக்கணக்கில் வந்து குவிந்தன, கரையிறங்க ஏற்ற இடங்களை அதை வைத்துப் பார்த்தார்கள். உங்கள் கதையில் அந்தக் குவியலின் முன் உட்கார்ந்து, அவள் கிறுக்கிய படத்தை அஞ்சலட்டைகளோடு ஒப்பிடும் ஒரு குமாஸ்தாவை வையுங்கள். அவருக்கு மந்திரத்தில் துளியும் நம்பிக்கை வேண்டாம். இன்னொன்று, அவளுக்கு ஜெர்மன் தெரியாவிட்டால் மேசை மேல் கிடக்கும் கட்டளைத் தாள் கண்ணெதிரே தெரிந்தும் எழுத்தின் வடிவத்தைத்தான் வரைந்து காட்ட முடியும். அந்தக் கால ஜெர்மன் கையெழுத்து ஜெர்மன் தெரிந்தவனையே திணற அடிக்கும்.

தகவல் சரியாக இருந்தும் தேதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர் விழுவதற்கு முன் பிரிட்டிஷ் சங்கேத உடைப்புப் பிரிவு கொழும்புக்கு மாறி, பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியது. ஜப்பானிய விமானந்தாங்கிகள் இலங்கையைத் தாக்க வருவதை அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள், ஏப்ரல் 1 வாக்கில் என்று. அட்மிரல் சோமர்வில் கப்பல்களோடு காத்திருந்தார், யாரும் வரவில்லை. எண்ணெய், தண்ணீர் நிரப்பக் கப்பற்படை மாலத்தீவுப் பக்கம் அட்டு தீவுக்குத் திரும்பியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு மேல் குண்டு விழுந்தது. கார்ன்வால், டார்செட்ஷைர் என்ற இரண்டு குரூசர்கள் அன்றே மூழ்கின. 9ஆம் தேதி ஹெர்மிஸ் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் போனது. நான்கு நாள் பிசகு. உங்கள் பெண்ணுக்கும் இடம் தெரியட்டும், நாள் தெரியாமல் போகட்டும். கதை அங்கேதான் சூடு பிடிக்கும்.

மாற்று வரலாறு என்றால் எங்கே விலகுவது என்ற கேள்வி வரும். மந்திரம் ஆதி முதலே பலிக்கும் என்று வைத்தால் உங்கள் 1942இல் பிரிட்டனோ ஜெர்மனியோ இருக்க வாய்ப்பே இல்லை. ரோமாபுரியிலிருந்தே எல்லாம் மாறியிருக்கும். இரண்டு பக்கமும் சமபலம், ஆகவே ஒன்றையொன்று ரத்து செய்துவிட்டது என்பது சோம்பேறி விடை. நிஜ வரலாற்றில் இருக்கும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அதில் உங்கள் மந்திரத்தை நுழைப்பதே சுலபமான வழி. நல்ல ஓட்டை ஒன்று தயாராக இருக்கிறது. 1942 பிப்ரவரி 1 அன்று அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறின. பிளெச்லிக்குக் கண் அவிந்தது. டிசம்பர் வரை, ஏறக்குறைய பத்து மாதம், அந்தச் செய்திகளைப் படிக்க முடியவில்லை. அக்டோபர் 30 அன்று எகிப்துக் கரைக்கு அப்பால் மூழ்கிக்கொண்டிருந்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-559க்குள் பிரிட்டிஷ் மாலுமிகள் இறங்கிச் சங்கேதப் புத்தகங்களை எடுத்தார்கள். ஃபேசன், கிரேசியர் என்ற இருவர் கலத்தோடு மூழ்கினார்கள். அந்தப் புத்தகங்கள்தான் பூட்டைத் திறந்தன.

இந்தப் பத்து மாதத்தில் உங்கள் கண்ணாடி அறையை வையுங்கள். கணிதக்காரர்கள் குருடாக இருப்பதால் கடற்படைக்கு வேறு போக்கில்லை. மந்திரத்தைச் சகித்துக்கொள்ள ஒரு நியாயம் கிடைக்கிறது. அவள் பத்தில் மூன்று முறை சரியாகச் சொன்னாலும் சில கப்பல்கள் பிழைக்கும், போரின் போக்கு பெரிதாக மாறாது, நண்பருக்கும் பதிலாயிற்று. பிறகு விலகலைத் தொடங்குங்கள். அவள் வெற்றியால் வேட்டைக் கப்பல்கள் அட்லாண்டிக்குக்கு இழுக்கப்பட்டு, யு-559ஐத் துரத்த வேண்டிய கப்பல் அன்று அங்கே இல்லாமல் போனால்? புத்தகம் கிடைக்காது, பிளெச்லி திறக்காது, 1943 முழுக்க அவள் ஒருத்தி தோளில் விழும். வெற்றியே தோல்விக்கு வழி வைக்கும் இந்த வகை விலகல்தான் நம்பும்படி இருக்கும். ஹிட்லரை மந்திரத்தால் கொல்வதை விட நூறு மடங்கு. இன்னொரு வசதி, பெர்லின் ஊசல் கூடமும் இதே 1942. நிஜத்தில் அவர்கள் சந்தேகம் தப்பு. உங்கள் உலகத்தில் அது சரி. ஆனால் மேலதிகாரி நம்பமாட்டார், கூடத்தை மூடிவிடுவார். அதுவே உங்கள் பெண்ணுக்குக் கவசம்.

எதிரி அவளைக் கண்டுபிடித்தால் என்ன செய்வான்? கொல்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். உளவுக்காரன் கொல்ல மாட்டான், திருப்புவான். ஹாலந்தில் 1942 மார்ச்சில் எஸ்.ஓ.இ.யின் வானொலி இயக்குநர் ஹூப் லாவர்ஸ் பிடிபட்டார். ஜெர்மானியர்கள் அவரையே லண்டனுக்குச் செய்தி அனுப்ப வைத்தார்கள். ஒவ்வொரு செய்தியிலும் வேண்டுமென்றே செய்யும் சிறு பிழைதான் பாதுகாப்புக் குறி; பிடிபட்டால் அதை விட்டுவிட வேண்டும். அந்தக் குறியை அவர் விட்டுத்தான் அனுப்பினார். லண்டனில் யாரும் அதை மதிக்கவில்லை. அடுத்தடுத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் காத்திருந்த ஜெர்மானியர் கைகளில் நேராகக் குதித்தார்கள். உங்கள் மாந்திரீகத்திலும் இந்தக் குறியை வையுங்கள். அவள் சுயநினைவோடு பார்த்த காட்சியில் ஒரு சிறு பிழை எப்போதும் இருக்க வேண்டும். ஏதோ ஒன்று புகுந்து காட்டிய காட்சி என்றால் பிழை இருக்காது. குறிப்பெடுக்கும் ஆள் அந்தப் பிழையைத் திருத்தி எழுதும் பழக்கக்காரர் என்றால் போதும், முப்பது பக்கம் வாசகர் நகத்தைக் கடிப்பார்.

நாள் நட்சத்திரத்தில் கவனம் வேண்டும். பிரான்ஸில் ஒற்றர்களை இறக்கிய லைசாண்டர் விமானங்களுக்கு நிலா வெளிச்சம்தான் வழிகாட்டி. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம்தான் பறப்பார்கள், வயலில் ஆட்கள் எல் வடிவில் நட்டு வைத்த மூன்று கைவிளக்குகளைப் பார்த்து இறங்குவார்கள். உங்கள் சடங்குக்கு அமாவாசை வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். சடங்குக்காரியைப் பிரான்ஸில் இறக்கினால் இரண்டு வாரம் ஒளிந்திருக்க வேண்டும்; முடித்ததும் திரும்பி வர இன்னொரு இரண்டு வாரம். கதைக்கான பதற்றத்தை நிலாவே கொடுத்துவிடுகிறது. தேதிகளைக் கட்டாயம் சரிபாருங்கள்: எல் அலமெய்ன் போர் தொடங்கிய 1942 அக்டோபர் 23ஐ ஒட்டிப் பௌர்ணமி, நேச நாடுகள் நார்மண்டியில் கரையிறங்கிய 1944 ஜூன் 6உம் பௌர்ணமி. கடிகாரத்திலும் பள்ளம் இருக்கிறது. 1941 முதல் பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். இதை மறந்து ஜாதகம் கணித்தால் லக்னம் ஏறக்குறைய ஒரு ராசி தள்ளிப்போகும். மேற்கத்திய ஜோதிடர் அயனாம்சம் (அவர்கள் ராசிக் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்) கழிப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஹெஸ் பறந்த சமயம் சூரியன் ரிஷபத்தில் என்று டி வோல் வகையறா சொல்வார்கள். நம் பஞ்சாங்கத்தில் அது சித்திரை, சூரியன் மேஷத்தில். தமிழ் வாசகர் இதைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்.

நாஜிப் பக்கத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாஜி எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் ஆட்கள் பழைய சூனிய வழக்குகளைத் தேடி 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களில் பதிந்து வைத்ததும், 1938-39இல் எர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமையில் திபெத்துக்கு ஆள் போனதும் நிஜம், கதைக்கு இனிப்பானவையும்கூட. ஆனால் அதே பயணத்தில் மண்டை ஓடு அளந்த புரூனோ பேகர், பிற்பாடு ஸ்ட்ராஸ்பர்க் எலும்புக்கூட்டுச் சேகரிப்புக்காக அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர். அதற்காக 86 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். படுகொலைகளை ஏதோ பிசாசு செய்யச் சொன்னது என்று எழுதிவிட்டால், கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவுக்கும் ரயில் ஓட்டியவனுக்கும் விடுதலை கொடுத்ததாகிவிடும். மந்திரம் கடலில் இருக்கட்டும். முகாம்களை மனிதர்கள் கட்டினார்கள் என்பதை மாற்ற வேண்டாம்.

உள்ளூரிலேயே அவளுக்கு ஆபத்து உண்டு. 1941 நவம்பர் 25 அன்று பார்ஹாம் போர்க்கப்பல் மூழ்கியதை அரசாங்கம் ஜனவரி கடைசி வரை மூடிவைத்திருந்தது. ஹெலன் டங்கன் என்ற ஆவி பேசும் பெண், போர்ட்ஸ்மவுத்தில் அந்தக் கப்பல் மாலுமியின் ஆவி வந்ததாகச் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. இறந்தவர் குடும்பங்களுக்குத் தகவல் போயிருந்ததால், கப்பல் ஊரில் அது கசிந்து அவர் காதுக்கு வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 1944இல் அவரைக் கைது செய்து, 1735ஆம் ஆண்டு சூனியச் சட்டத்தின்கீழ் ஒன்பது மாதம் சிறையில் போட்டார்கள். அந்தச் சட்டம் தண்டித்தது மந்திரம் செய்பவரை அல்ல, செய்வதாகப் பாசாங்கு செய்பவரை. உங்கள் பெண்ணைப் பிடித்தால் அரசாங்க வக்கீல் அவள் போலி என்று நிரூபிக்க வேண்டும். அவள் நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் நீதிமன்றத்துக்கு வர அனுமதி இல்லாதவர்.

இனி உங்கள் நான்காம் அத்தியாயம். அவள் கண்ணாடியில் பார்த்தது அப்படியே இருக்கட்டும். குண்டுவீச்சு விமானத்தை நிறுத்துங்கள். முதலில் தாளில் எழுதட்டும், போனிஃபேஸ் மாதிரி ஒரு பொய்ப் பெயர் போடட்டும், அஞ்சலட்டைக் குமாஸ்தா முணுமுணுக்கட்டும். பிறகு ஒரு வேவு விமானத்தை அனுப்புங்கள். அது மேகத்துக்குக் கீழே, நீர்மூழ்கியின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில், வேண்டுமென்றே எதிரி கண்ணில் பட வேண்டும். ஏன் அவ்வளவு தாழப் பறக்கச் சொன்னார்கள் என்று விமானிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் திரும்பி வருகிறானா என்பதை அன்றிரவு அவள் கண்ணாடியில் பார்க்கலாம், ஆனால் ஓர் இரவுக்கு ஒரு காட்சிதான்; அதை ஏற்கெனவே செலவழித்துவிட்டாள்.